கோடை வெப்பமும் டர்போ வண்டியும்

பெங்களூரிலும் புனேயிலும் பணிபுரியும் நம்மவர் பலர், கோடை விடுமுறையில் மனைவி மக்களுடன் சொந்த மோட்டார் வண்டியிலேயே ஊருக்கு வருவது இன்று வழக்கமாகிவிட்டது. அவர்களில் நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் செல்வோர் களியக்காவிளையில் எல்லையைக் கடந்து, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என ஊர் ஊராக ஊர்ந்து செல்ல நேர்கிறது. அப்போது அவர்கள் கூறும் குறை ஒன்றுண்டு. பெங்களூரில் பறந்த வண்டி இங்கே வந்ததும் சோர்ந்துவிட்டது, மிதித்தாலும் இழுக்கவில்லை என்பதே அது.

பட்டறைக்குச் சென்றால், 'வண்டிக்கு வலி குறைவு' என்பார்கள். 1956 நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லையின் இரு புறமும் இரு மொழிகளும் கலந்தே வழங்குகின்றன. இங்கே வலி என்பது நோவன்று, இழுக்கும் ஆற்றல். வள்ளுவர் வலியறிதல் என்று அதிகாரம் வகுத்த பொருளுக்கு இது மிக அண்மையானது!

இந்த வலி ஏன் குறைகிறது என்பதை அறியாதவர், கடைக்காரர் சொற்படி டர்போவையே மாற்றிப் பெருந்தொகையை இழக்கவும் கூடும். ஆகவே அதன் காரணத்தைச் சற்று ஆராய்வோம்.

டர்போசார்ஜர் என்னும் கருவிக்கு வித்திட்டவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலறிஞர் ஆல்ஃபிரட் பியூக்கி. அவர் அதற்குக் காப்புரிமை பெற்றது 1905ஆம் ஆண்டில். எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகம் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுள் செலுத்துகிறது. நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் அது சுழலும். காற்று மிகுதியாகப் புகுந்தால் பிராணவாயு மிகும். அதற்கேற்ப எரிபொருளையும் கூட்டலாம். சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினைப்போல உழைக்கும்.

வெப்பம் ஏறினால் காற்று விரிந்து இலேசாகும் என்பது பள்ளிப் பாடம். 25 டிகிரி வெப்பமுள்ள காற்று 36 டிகிரியை அடையும்போது அதன் அடர்த்தி நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே தாழ்கிறது. கடலோரப் புழுக்கமும் இதனுடன் சேர்கிறது. 36 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு வெறும் நீராவி. ஆனால், இவ்விரண்டையும் கூட்டினாலும் வண்டியின் சோர்வு முழுவதற்கும் விளக்கம் கிடைப்பதில்லை. பெங்களூர் கடல்மட்டத்திற்கு 900 மீட்டருக்கும் மேலே உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைவு. கணக்கிட்டுப் பார்த்தால், பாறசாலையின் கோடைக் காற்றைவிடப் பெங்களூரின் இளங்காற்றே மெல்லியது! அங்கே நன்றாக ஓடிய வண்டி இங்கே ஏன் தளர வேண்டும்?

விடை, அழுத்திய பின் காற்று அடையும் சூட்டில் இருக்கிறது. சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சுடுவதை அறிவீர்கள். 36 டிகிரியில் புகும் காற்றை டர்போ இருமடங்கு அழுத்தினால், அது ஏறக்குறைய 130 டிகிரியாகச் சூடேறிவிடும். இதைத் தணிக்கவே இண்டர்கூலர் என்னும் தகட்டுக் கூடு வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் வெளிக்காற்று அதன் இடுக்குகளில் பாய்ந்துதான் குளிர்விக்கிறது. வண்டி நின்றால் பாய்ச்சலும் நின்றுவிடும். முன்னே நிற்கும் லாரியின் புகைச் சூடும், கொதிக்கும் தார்ச்சாலையின் அனலும், குளிர்சாதனக் கருவி வெளிவிடும் வெப்பமும் சேர்ந்து அந்தக் கூட்டையே சுட வைக்கின்றன. பெட்ரோல் எஞ்சினில் சூடான காற்று சென்றால் எரிபொருள் காலந்தவறி வெடித்து 'நாக்கிங்' நேரும். அதைத் தடுக்க, வண்டியிலுள்ள கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தி, டர்போவின் அழுத்தத்தையும் குறைத்துவிடுகிறது. நாம் சோர்வு என்பது அந்தத் தற்காப்பைத்தான். டீசல் வண்டியிலோ எரிபொருளின் அளவு குறைக்கப்படும்.

இதைச் சோதித்தறிய எல்லைப்புறத்திலேயே வழியுண்டு. கழக்கூட்டத்திலிருந்து பாறசாலைக்கு அருகிலுள்ள காரோடு வரை சுமார் 43 கிலோமீட்டர் புறவழிச்சாலை அமைந்திருக்கிறது. அதன் தென்பகுதி காங்கிரீட்டால் ஆனது. அதே நண்பகலில், அதே வெயிலில், பாலராமபுரம் நாற்சந்தியில் திணறிய வண்டி இப்புறவழியில் சில நிமிடங்கள் சீராக ஓடியதும் தெளிந்துவிட்டால், பழுது டர்போவில் இல்லையென்று பெரும்பாலும் துணியலாம்.

தெளியவில்லையெனில்? முதலில் இண்டர்கூலரைப் பாருங்கள். கருங்கல்லும் பாறைப்பொடியும் ஏற்றிய லாரிகளின் பின்னே வந்த வண்டியில், அதன் இடுக்குகள் பூச்சியும் புழுதியும் அடைந்து கிடக்கும். மெல்லிய நீரோட்டத்தால் கழுவினால் போதும். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடிந்துவிடும். அடுத்து, டர்போவிலிருந்து செல்லும் ரப்பர்க் குழாய்களின் இணைப்புகள். கிளிப் தளர்ந்தால் அழுத்திய காற்று சீறிக்கொண்டு வெளியேறும். டீசல் வண்டி கரும்புகை கக்கும். இவற்றைப் பார்க்குமுன் டர்போவைக் கழற்ற ஒருவர் முனைந்தால், தயவுசெய்து வேறு பட்டறைக்குச் செல்லுங்கள். காற்று வடிகட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அழுக்கானால் மாற்றிவிடுங்கள்.

ரேடியேட்டரில் கடலோரக் கிணறுகளின் உப்புநீரை ஊற்றுவோர் இன்றும் உளர். அது உள்ளே அரித்துவிடும். தயாரிப்பாளர் குறித்த கூலண்டே உகந்தது. சூடாக இருக்கும்போது அதன் மூடியைத் திறப்பது உயிருக்கே ஆபத்து. வெயிலுக்கென்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கமும் தவறு. எஞ்சின் தன் உரிய சூட்டை அடையாமல் தேய்ந்துபோகும். இன்னும் சிலர், கணினியின் கணக்கை மாற்றி டர்போவின் அழுத்தத்தை உயர்த்திக்கொள்கின்றனர். மழைக்காலத்தில் அது இன்பமாக இருக்கலாம். சித்திரை வெயிலில் பிஸ்டனையே உடைக்கக்கூடும்.

ஓட்டுவோருக்கும் பங்குண்டு. நெரிசலில் மேல் கியரில் வைத்து அழுத்தி மிதிக்காமல், கீழ் கியருக்கு மாற்றுங்கள். முன்வண்டிக்குச் சற்று இடைவெளி விட்டு நில்லுங்கள். அதன் சூடு உங்கள் வண்டிக்குள் புகாது. கையேடு இசைவளித்தால் ஆக்டேன் மிகுந்த பெட்ரோல் பயன்தரும். நெடுந்தூரம் விரைந்து வந்து, காரோட்டில் தேநீருக்காக நிறுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே எஞ்சினை அணைக்காதீர்கள். டர்போவின் அச்சைக் குளிர்விப்பது எண்ணெய் ஓட்டந்தான்; அது சட்டென நின்றால் அச்சைச் சுற்றியுள்ள எண்ணெய் கருகிப் படியும். ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிறகு சாவியைத் திருப்புங்கள். தேநீர் அதற்குள் ஆறிவிடாது.