ஆய்வுக்கூடத்தில் நமது கடற்பாசி
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

பள்ளிச் சிறுவர்க்குரிய உயிரியலைப் பற்றியும், ஆய்வுக்கூடத்தில் காக்க வேண்டிய எச்சரிக்கைகளைப் பற்றியும் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். தங்கச்சிமடத்துக் கரையிலிருந்தே தொடங்குகிறேன்.

இத்தீவின் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியை அறியாதார் இங்கில்லை. அதனைக் கொதிக்கவைத்து வடித்தால் அகர் கிடைக்கிறது. நோன்புக் காலத்தில் அண்டை வீடுகளில் காய்ச்சும் கடற்பாசியும் அந்த அகர்தான். உலகெங்கும் நோய்க்கிருமிகளை வளர்த்து ஆராய்வதும் அதன் மீதுதான்!

1880களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் ஜெலட்டின் மீது கிருமிகளை வளர்த்தனர். உடற்சூட்டின் அளவான 37 டிகிரியில் அது உருகிவிடும். அங்கே பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, தம் சமையலறையில் பயன்படுத்திய அகரைச் சொன்னார். இறுகிய அகர் ஏறத்தாழ 85 டிகிரி வரை உருகாது. 1882இல் கோக் வெளியிட்ட காசநோய்க் கிருமி பற்றிய கட்டுரையில் அகர் குறிப்பிடப்பட்டது. அந்த அம்மையாரின் பெயர் குறிப்பிடப்படவில்லை. பாசி எடுப்போரின் பெயரையும் எவரும் எழுதுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

1887இல் பெட்ரி என்பவர் மூடியுள்ள கண்ணாடித் தட்டை அறிமுகப்படுத்தினார். காற்றிலுள்ள கிருமி உள்ளே விழாமல் அம்மூடி தடுக்கிறது. உள்ளே வளர்ந்தது நம்மை அடையாமலும் தடுக்கிறது. ஆதலால், கிருமி வளர்ந்த தட்டை மாணவர் திறக்கலாகாது. ஒட்டி மூடி, வெளியிலிருந்தே பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி பெருகிக் குவிந்தே புள்ளியாகத் தோன்றுகிறது. அப்புள்ளியில் கோடிக்கணக்கில் இருக்கக்கூடும். உமிழ்நீரையோ புண்ணின் சீழையோ தட்டில் இட்டு வளர்க்கவே வேண்டா.

இங்கே என் அனுபவம் ஒன்று. நான் படித்த பள்ளியில் பிறர் நுண்ணோக்கியில் பார்த்தபோது, எனக்குச் சோதனைக் குழாய்களைக் கழுவும் வேலை தரப்பட்டது. "தொடாதே" என்றார்கள், காரணம் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தின் "தொடாதே" வேறு. அது எல்லோருக்கும் ஒன்று. அதற்குக் காரணமும் உண்டு. அமிலத்தில் நீரை ஊற்றாதே, ஏனெனில் எழும் சூட்டில் நீர் கொதித்து முகத்தில் தெறிக்கும்; நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். எரியும் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றாதே, ஆவி தீப்பற்றும். காரணம் சொல்லாமல் விலக்கும் ஆசிரியரிடம், "ஏன் ஐயா?" என்று நம் பிள்ளைகள் பணிவோடு கேட்கட்டும்.

பாறையில் கைவைக்குமுன் விரல்களில் துணி சுற்றிக்கொள்ளும் தாய்மாரின் பிள்ளைகளுக்குக் கையுறை புதுமையன்று. கொதிக்கும் அகர் தோலில் ஒட்டிச் சுடும் என்பதையும் அடுப்படியிலேயே அறிந்திருப்பார்கள்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். மாலை வகுப்புக்கு ஒரு பிரஷர் குக்கர் வாங்கித் தாருங்கள். பயன்படுத்திய தட்டுகளை 15 பவுண்டு அழுத்தத்தில், 121 டிகிரி நீராவியில், 20 நிமிடம் வைத்த பின்னரே குப்பையில் சேர்க்க வேண்டும். அதனைப் பெரியவர் ஒருவரே கையாள வேண்டும். சோப்பும் வாளித் தண்ணீரும் வகுப்பு வாசலில் இருக்கட்டும். குக்கர் வந்த வாரமே முதல் தட்டை ஊற்றுவோம். அகர் காய்ச்சித் தர, பாசி எடுக்கும் தாய்மார் ஒருவரை அழைத்து வாருங்கள்.