கல்வெட்டு இல்லாதவர்களின் கதை

(வரலாறும் நாவலும் குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரலாறு கவனிக்காமல் விட்டதில் நாவலாசிரியனுக்கு என்ன கிடைக்கும் என்பது பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். நம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு நாவலில் இருந்து தொடங்குகிறேன்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வெளிவந்தது. அந்த இதழ்களைக் கத்தரித்துத் தைத்துப் பாதுகாத்த குடும்பங்கள் நம் பக்கத்திலும் உண்டு. ஐந்து பாகங்கள் கொண்ட அந்த நாவலை இறுக்கிப் பிடித்திருக்கும் முடிச்சு ஆதித்த கரிகாலனின் கொலை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இராசராச சோழன் காலத்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் இன்னார், அவர்களுடைய சொத்தையும் உறவினர் சொத்தையும் பறிமுதல் செய்க என்கிறது அந்தக் கல்வெட்டு. ரவிதாசன், சோமன், பரமேசுவரன் என்று நாவலில் நடமாடும் சதிகாரர்களின் பெயர்கள் அந்தக் கல்லில் இருந்து வந்தவை.

ஏன் கொன்றார்கள்? கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. அது வாய் மூடிய இடத்தில்தான் கல்கி பேனாவைத் திறந்தார். வரலாற்றுக்கும் நாவலுக்கும் உள்ள உறவை இதைவிட எளிதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அரசனுக்குக் கல்வெட்டு இருந்தது. அவனைக் கொன்றவனுக்கும் கல்வெட்டில் இடம் இருந்தது. பால்மரம் சீவியவனுக்கு எந்தக் கல்வெட்டு இருக்கிறது? அவன் கதையை எழுத வருகிற நாவலாசிரியன் எந்தச் சுவரைப் போய்ப் பார்ப்பான்? இதுதான் நம் நாட்டு எழுத்தாளனின் சிக்கல். இதை விளக்க ஒரே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். நம் பெரியவர்கள் 'சயாம் ரயில்' என்று சொன்ன மரண ரயில் பாதை.

கைதிக்குக் கல்லறை, கூலிக்கு?

தாய்லாந்தின் பான் போங்கில் இருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளம். 1942-இன் நடுப்பகுதியில் ஜப்பானியர் வேலையைத் தொடங்கினார்கள். 1943 அக்டோபர் 17-ஆம் நாள் இரு பக்கத்துத் தண்டவாளங்களும் கொங்கோய்த்தா என்னுமிடத்தில் சந்தித்தன. மலையைக் குடைந்து, காட்டை வெட்டிப் போட்ட அந்தப் பாதை ஏறக்குறைய 16 மாதத்தில் முடிந்தது.

அதில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். 12,000-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் அளவில் இருந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. இவர்களில் மாண்டவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். மலாயாவில் இருந்து மட்டும் 70,000-க்கும் அதிகமானோர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள்.

நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். ஆசை பலிக்காத இடத்தில் ஆள் பிடித்தார்கள். இலவசப் படம் என்று கூட்டிப்போய்க் கொட்டகைக் கதவை அடைத்து, அப்படியே ரயிலேற்றியதும் உண்டு. சாமான் ஏற்றும் இரும்புப் பெட்டியில் நாள்கணக்கில் பயணம். போய் இறங்கியது மழைக்காடு. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது அத்தாப்புக் கொட்டகைகள் கொட்டகை கொட்டகையாகக் காலியாயின.

போர்க்கைதிகளும் இதே துன்பத்தைத்தான் பட்டார்கள். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவர்களோடு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். இறந்தவர் பெயரை எழுதி ஒளித்து வைக்க ஆள் இருந்தது. போர் முடிந்த கையோடு 1945 செப்டம்பரில் ஒரு குழு அந்தப் பாதை நெடுகச் சென்று கல்லறைகளைத் தேடியது. பத்தாயிரத்துக்கும் அதிகமான கல்லறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. இன்று காஞ்சனபுரி, சுங்காய், தான்பியூசாயாட் ஆகிய மூன்று இடங்களில் அவர்கள் அடக்கமாகியிருக்கிறார்கள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, அடையாளம் தெரிந்தவருக்கெல்லாம் பெயர் பொறித்த கல் வைத்திருக்கிறார்கள்.

தோட்டத்துத் தமிழனை எரித்தார்கள், அல்லது குழியில் தள்ளி மூடினார்கள். 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் கிடைத்தன. அவை ஆசியத் தொழிலாளர்களுடையவை என்றே கருதப்பட்டது. ஒன்றுக்கும் பெயர் கிடையாது.

பாலமும் படமும்

இந்த ரயில் பாதையை உலகத்துக்குத் தெரியப்படுத்தியது வரலாற்று நூல் அன்று, ஒரு நாவல். பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் எழுதியது. 1952-இல் வெளிவந்து, 1957-இல் 'குவாய் நதிப் பாலம்' என்று படமானது. படப்பிடிப்பு நடந்தது இலங்கையில். ஏழு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, பியர் பூல் போருக்கு முன் நம் மலாயாவில்தான், ஒரு ரப்பர் தோட்டத்தில் பொறியாளராக வேலை பார்த்தார். பால்மரம் சீவும் தமிழர்களுக்கு நடுவே இருந்தவர். ஆனாலும் அவர் கதையைப் படித்து முடித்தவன் மனத்தில் நிற்பது பாலமும் ஒரு வெள்ளைக்காரக் கர்னலும்தான். தோட்டத்தில் இருந்து போன கூலிக்காரன் அந்தக் கதையின் நடுவில் எங்குமே இல்லை.

இரண்டாவது இன்னும் வேடிக்கை. அந்தப் பாலம் உண்மையில் குவாய் நதியின் மேல் கட்டப்படவே இல்லை. அது கட்டப்பட்டது மே குலோங் நதியின் மேல். படம் பார்த்த பயணிகள் வந்து குவாய் எங்கே, குவாய் எங்கே என்று கேட்கவும், 1960-இல் அந்த நதிப் பகுதியின் பெயரையே குவாய் யாய் என்று மாற்றிவிட்டார்கள். ஒரு நாவல் நாட்டின் வரைபடத்தையே மாற்றியிருக்கிறது! கதைதானே என்று நாம் அலட்சியமாகச் சொல்கிறோம். யார் கதையை முதலில் சொல்கிறார்களோ அவர்கள் சொன்னதுதான் பிறகு வரலாறாகிறது.

நம் எழுத்தாளர்கள் செய்தது

நம்மவர்கள் எழுதாமல் இல்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார். அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். ரெங்கசாமி 1930-இல் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தைப் பள்ளி வயதுப் பையனாகக் கண்ணால் பார்த்தவர். வாழைமர நோட்டையும் மரவள்ளிக்கிழங்கையும் அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி 'இமையத் தியாகம்', அவசரகாலக் கெடுபிடியைப் பற்றி 'லங்காட் நதிக்கரை' என்று, பாடப்புத்தகத்தில் நமக்கு ஓரிரு வரிகூடக் கிடைக்காத காலங்களை அவர் நாவலாக்கினார்.

கல்கிக்குக் கல்வெட்டு கிடைத்தது. இவர்களுக்குக் கிடைத்தவை மனிதர்களின் வாயும் நினைவும்தான். திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள், இவர்கள் எழுதினார்கள். அந்த நாவல்களில் குறை காண்பவர்கள் இருக்கலாம். ஆனால் அவை இல்லாவிட்டால் எவ்வளவு இழந்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள்.

பொட்டை எந்த நாளில் அழிப்பது?

இனி எழுத வருகிறவர்களுக்கு என்ன மிச்சமிருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது.

ஆவணக் காப்பகத்தில் எண்கள் கிடைக்கும். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று பார்க்கலாம். ஆனால் ரயிலேறிப் போனவனின் மனைவி லயத்தில் என்ன செய்தாள்? இறந்த செய்தி வரவில்லை. கடிதம் இல்லை, பிணம் இல்லை, சாம்பலும் இல்லை. மூன்று மாதம் என்று சொல்லிப் போனவன் மூன்று ஆண்டாகியும் திரும்பவில்லை. அவள் தன் பொட்டை எந்த நாளில் அழிப்பாள்? பிள்ளைகள் எந்தத் திதியில் படைப்பார்கள்? வேறொருவர் துணையைத் தேடிக்கொண்டபின் முதல் கணவன் ஒரு நாள் எலும்பும் தோலுமாக லயத்து வாசலில் வந்து நின்றால்?

எந்த அரசாங்கக் கோப்பிலும் இந்தக் கேள்வி இராது. கோப்பை எழுதியவனுக்கு இது தோன்றியிருக்காது. நாவலாசிரியனுக்குத் தோன்ற வேண்டும். மறக்கப்பட்ட வரலாற்றுக்குள்ளே இன்னும் ஒருபடி மறக்கப்பட்டவர்கள் பெண்கள்தான். ரயில் பாதையைப் பற்றிப் பேசும்போது காட்டுக்குப் போனவனைப் பேசுகிறோம். தோட்டத்தில் காத்திருந்தவளையும் பேச வேண்டும்.

ஆஸ்திரேலிய எழுத்தாளர் ரிச்சர்ட் பிளனகனின் தந்தை இதே ரயில் பாதையில் கைதியாக உழைத்து உயிரோடு மீண்டவர். மகன் அதை வைத்து 2013-இல் ஒரு நாவல் வெளியிட்டார். மறு ஆண்டு புக்கர் பரிசு கிடைத்தது. அவர் தந்தையிடம் பெரிய பெரிய கேள்விகளைக் கேட்கவில்லையாம். சேறு காலில் எப்படி இருந்தது, காலையில் கிடைத்த சோறு எப்படி இருந்தது என்று சின்னச் சின்னக் கேள்விகளையே கேட்டாராம். நாவலுக்கு உயிர் கொடுப்பவை அந்தச் சின்ன விடைகள்தான்.

எழுதுவோர் கவனத்துக்கு

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். கற்பனை செய்ய உரிமை உண்டு என்பதற்காக நாளையும் இடத்தையும் வளைக்கக்கூடாது. பாத்திரத்தை நாம் படைக்கலாம். காலரா எந்த மாதத்தில் வந்தது, தண்டவாளம் எங்கே சந்தித்தது என்பதை நாம் படைக்க முடியாது. அங்கே ஒரு தவறு நேர்ந்தால், இதெல்லாம் கட்டுக்கதை என்று உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

அடுத்தது, ஜப்பானியன் எல்லாரும் அரக்கன், நம்மவர் எல்லாரும் தெய்வம் என்று எழுதினால் அது நாவலாகாது. காவலுக்கு நின்றவர்களில் பலர் கொரியர்கள். அவர்களும் ஜப்பானிடம் அடிமைப்பட்ட நாட்டார். இங்கே தோட்டத்தில் ஆள் கணக்குக் கொடுத்ததில் நம் கங்காணிக்கும் கிராணிக்கும் பங்கு உண்டு. யார் பெயரை எழுதினார்கள், யார் பெயரை விட்டார்கள், ஏன்? அதை எழுதத் துணிவு வேண்டும். உறவுக்காரர்கள் வருத்தப்படுவார்கள். ஆனாலும் நாவலின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

இனி யாரைக் கேட்பது?

1943-இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று நூறு கடந்திருக்கும். ரெங்கசாமிக்குக் கிடைத்த வாய்கள் இனி நமக்குக் கிடைக்கா. ஆனால் அப்பா ரயிலேறியபோது ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தவர்கள் எண்பதைத் தாண்டி நம்மிடையே இருக்கிறார்கள். சிங்கப்பூரில் 1979-இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையம் ஜப்பானியர் காலத்து நினைவுகளை ஒலிநாடாவில் பதிந்து வைத்திருக்கிறது. 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. தேட விரும்புகிறவருக்கு வழி இருக்கிறது.

2023-ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில், ஒரு புத்த ஆலய வளாகத்தில், மாண்டுபோன நம் தொழிலாளர்களுக்காக மலேசியத் தமிழர்கள் ஒரு நடுகல் நாட்டினார்கள். எண்பது ஆண்டுகள் கழித்து ஒரு கல்! மனம் நிறைகிறது. ஆனால் பழங்காலத்து நடுகல்லில் வீரனின் பெயரைப் பொறித்தார்கள். இந்தக் கல்லில் அத்தனை ஆயிரம் பேரின் பெயரைப் பொறிக்க நம்மிடம் பட்டியல் ஏது?

ஆகவே நேயர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். நீங்கள் எழுத்தாளராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் உண்டா என்று வீட்டுப் பெரியவரிடம் இந்த வாரமே கேளுங்கள். அவர் பெயர், தோட்டத்தின் பெயர், எந்த நிலையத்தில் ரயிலேறினார், திரும்பினாரா, திரும்பாவிட்டால் அவர் மனைவி எப்படிப் பிழைத்தார் என்று ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். பின்னால் வரும் நாவலாசிரியனுக்கு அதுதான் உடையார்குடிக் கல்வெட்டு.