கல்லச்சில் பிறந்த தபால் தலைகள்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் பல தலைமுறைகளாக வாழும் நம்மவர் வீடுகளில், பரண்மேல் ஒரு பழைய தகரப் பெட்டி இருப்பதுண்டு. பாட்டனார் காலத்துப் பத்திரங்களோடு, ஊரிலிருந்து வந்த கடிதங்களும் அதனுள் கட்டாகக் கிடக்கும். வீடு மாறும்பொழுது அக்கட்டைப் பழைய காகிதக் கடையில் போட்டுவிடுகிறோம். அல்லது தலைகளை மட்டும் கத்தரித்துக் குழந்தைகளிடம் கொடுத்துவிடுகிறோம். அவ்வாறு செய்யுமுன் நாம் சற்றுத் தயங்க வேண்டும். ஏன் என்பதை நம் நாட்டின் முதல் தபால் தலைகளின் வரலாறே சொல்லும்.

அவ்வரலாறு அன்றைய பம்பாய் மாகாணத்தில் தொடங்குகிறது. சிந்து அப்பொழுது அம்மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அதன் ஆணையராயிருந்த பார்ட்டில் பிரியர், 1852 ஜூலை 1 முதல் அரையணாத் தலை ஒன்றை வழங்கினார். வட்ட வடிவில், கிழக்கிந்தியக் கம்பெனியின் வாணிபச் சின்னத்தைத் தாங்கிய அதுவே ஆசியாவின் முதல் ஒட்டுத் தபால் தலை. சிவப்பு அரக்கில் செய்த வகை எளிதில் நொறுங்கியமையால், இன்று அது மிக அரிதாகிவிட்டது.

1854 அக்டோபரில் நாடு முழுமைக்குமான தலைகள் வெளிவந்தன. அதற்குமுன் தூரத்திற்கேற்பத் தபால் கூலி ஏறிக்கொண்டே போகும். புதிய சட்டமோ, கால் தோலா எடைக்குட்பட்ட கடிதத்திற்கு, கம்பெனி ஆட்சிப் பகுதி எங்கும் அரையணாவே போதும் என்றது. பக்கத்து ஊருக்கும் அதே கூலி, பம்பாயிலிருந்து திருநெல்வேலிக்கும் அதே கூலி! பிற்காலத்தில் பிழைப்பைத் தேடித் தொலைவில் குடியேறிய நம் முன்னோர்க்கு இவ்வேற்பாடு எத்துணைப் பெரிய உதவியாயிற்று என்பதை நாம் எளிதில் உணரலாம்.

இத்தலைகளைக் கல்கத்தாவில், நில அளவைத் துறையின் கல்லச்சுக் கூடத்தில், காப்டன் துயில்லியர் என்பவரின் மேற்பார்வையில் அச்சிட்டனர். ஒரு மூலச் செதுக்கிலிருந்து மைப்படிகள் பல எடுத்து, அவற்றைக் கல்லின்மீது வரிசையாகப் பதித்து, அக்கல்லிலிருந்து தாள்களை அச்சிடுவார்கள். பதிக்கும்பொழுது ஒரு கோடு விட்டுப்போகும். கல் தேயத் தேய மை படரும். கெட்ட இடத்தைக் கையாலேயே திருத்துவார்கள். மூலச் செதுக்கும் ஒன்றோடு நிற்கவில்லை. அரையணாவிலும் ஓரணாவிலும் மும்மூன்று வகைகள் உண்டு. ராணியின் கொண்டையில் விழும் நிழற்கோடுகளையும் கழுத்தடியின் வடிவையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஆராய்ந்தே ஆய்வாளர் இவற்றைப் பிரித்தறிகின்றனர். நம் கண்ணுக்குக் குறையாய்த் தெரியும் ஒரு புள்ளி, அத்தலை எந்தக் கல்லில், எந்த இடத்தில் பிறந்தது என்பதை அவர்களுக்குச் சொல்லிவிடுகிறது.

இருவகைகள் பெரும்புகழ் பெற்றவை. முதலாவது, சிவப்பு அரையணா. அதன் பக்க ஓரத்தில் ஒன்பதரை வளைவுகள் காணப்படும். அச்சிட்டவற்றுள் ஒரு பகுதி பம்பாய்க்கே அனுப்பப்பட்டது. ஆயினும் முறைப்படி விற்பனைக்கு வரவில்லை. சிவப்பு மை தொல்லை தரவே, எட்டு வளைவுகள் கொண்ட நீலத் தலை அதன் இடத்தைப் பிடித்தது.

இரண்டாவது, நாலணாத் தலை. சட்டத்தைச் சிவப்பிலும், ராணியின் தலையை நீலத்திலும் தனித்தனியே அச்சிட வேண்டும். இரண்டாம் முறை தாளைத் திருப்பி வைத்துவிட்டதால், சில தாள்களில் ராணி தலைகீழாய் அமைந்துவிட்டார்! ஒரு தொழிலாளியின் கணநேர அயர்வில் பிறந்த அப்பிழை, இன்று உலகின் பெறற்கரிய தபால் தலைகளுள் ஒன்று. துளையிட்ட ஓரம் அக்காலத் தலைகளுக்கு இல்லை. கத்தரிக்கோலால்தான் வெட்டியெடுக்க வேண்டும். அழகு கருதி எண்கோணமாக வெட்டிவிட்டமையால், இன்று எஞ்சியிருப்பவற்றுள்ளும் பல, ஓரம் இழந்து மதிப்புக் குறைந்து நிற்கின்றன.

கத்தரியால் நேரும் இழப்பு இவ்வளவோடு முடிவதில்லை. உறையின் மேலுள்ள தபால் முத்திரையும் ஒரு சான்றாகும். எடுத்துக்காட்டாக, இந்தியத் தலையொன்றின் மீது 'பி' என்னும் ஆங்கில எழுத்தும் 172 என்னும் எண்ணும் கொண்ட முத்திரை இருப்பின், அக்கடிதம் சிங்கப்பூரில் தபாலிடப்பட்டது என அறிகிறோம். தலையைப் பெயர்த்தெடுத்தால் நாளும், ஊரும், விலாசமும் ஒன்றையொன்று பிரிந்து ஊமையாகிவிடும்.

நம் பெட்டியில் நாலணா அதிசயம் இருக்குமென்று ஆசை காட்டுவது நம் நோக்கமன்று; பெரும்பாலும் இராது. 1879-இல் வந்த காலணா அஞ்சலட்டையைப் போன்றதொரு எளிய அட்டை கிடைத்தாலே பெரிது. ஆனால் அதில், ஊரிலிருந்து புறப்பட்ட நாளும் இங்கு வந்து சேர்ந்த நாளும் பதிந்திருக்கக்கூடும். நம் குடும்பம் எப்பொழுது, எத்தெருவில் வாழ்ந்தது என்பதற்கு அதைவிட நம்பத்தக்க ஆவணம் பலரிடம் வேறில்லை.

ஆகவே தலையைக் கத்தரிக்க வேண்டாம். நீரில் ஊறவைக்கவும் வேண்டாம். கடிதத்தை உறையோடு, ஈரமும் பூச்சியும் அணுகாத இடத்தில் வைப்போம். கல்கத்தாக் கல்லில் விழுந்த சிறு கீறலைக்கூட அறிஞர் தேடிப் போற்றுகின்றனர். நம் பாட்டியின் கோணல் எழுத்தைப் போற்ற வேண்டியவர்கள் நாமே.