எலும்பு முனையும் இழையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகச் சொற்களை நிறுத்துப் பார்த்துவந்த இந்த அவையில், இன்று ஓர் எலும்பைப் பற்றிப் பேச இசைவு வேண்டுகிறேன்.

வட ஐரோப்பாவின் பழங்கால மக்கள் மாடு, குதிரை ஆகியவற்றின் கால் எலும்புகளைப் பாதத்தின் அடியில் கட்டிக்கொண்டு, உறைந்த ஏரிகளின் மேல் சறுக்கிச் சென்றார்கள். இலண்டன் இளைஞர்கள் இவ்வாறு விளையாடியதை 12ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஃபிட்ஸ்டீபன் எழுதி வைத்தார். 2007இல் ஃபார்மென்டி, மினெட்டி என்னும் ஆய்வாளர்கள் அத்தகைய எலும்புகளின் மாதிரிகளைச் செய்து, அணிந்து சறுக்குவோருக்குச் செலவாகும் உடலாற்றலை அளந்தார்கள். எலும்புக்கு இரும்பைப் போன்ற விளிம்பு இல்லை. ஆகவே காலால் உந்த இயலாது. கோலை ஊன்றித்தான் நகர வேண்டும். ஏட்டில் துணைப்பொருளாகத் தோன்றும் கோல், பனிக்கட்டியின் மேல் நிற்பவனுக்குக் காலாகிவிடுகிறது. செய்து பார்ப்பதால் வரும் அறிவு இதுவே.

திண்டுக்கல்லில் உறையும் ஏரி ஏது? நமக்குப் பனி என்பது மார்கழி விடியலில் மலைக்கோட்டைப் பாறையை மறைக்கும் மென்திரை மட்டுமே. ஆயினும் எலும்புக் கருவி நமக்கு அயலானதன்று. வைகைக் கரையிலுள்ள கீழடியில் தக்களிகளோடும் செம்பு ஊசியோடும் கூரிய எலும்பு முனைகளும் கிடைத்தன. நெசவில் வடிவங்களை உருவாக்க அவை பயன்பட்டன என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பருத்தி நூற்கும் பெண்களைப் புறநானூற்றில் கண்ட நமக்கு அது இனிய செய்தி. படித்தோம், பெருமை கொண்டோம், மேடைகளில் முழங்கினோம். அந்த முனையைக் கையில் பிடித்துப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

இந்தக் கேள்வி உறுத்தவே, கறிக்கடையில் ஆட்டின் கால் எலும்பொன்றை வாங்கினேன். வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, கல்லில் தேய்த்தேன். இரண்டு மாலைப்பொழுதில் முனை பிறந்தது. அதனைச் சின்னாளபட்டியில் கைத்தறி நெய்யும் ஒரு மூதாட்டியிடம் கொண்டு சென்றேன். அவர் பாவிழைகளைத் தூக்கிப் புட்டா போட முனைந்தபோது, இழை சிக்கி அறுந்தது. நான் நாணி நின்றேன். அவர் சிரித்தார்.

“கூரா இருந்தாப் போதுமா தம்பி? வழுவழுன்னு இருக்கணும். இங்கேயே விட்டுட்டுப் போங்க. நூலே தேய்ச்சுக் குடுத்துரும்.”

ஒரு திங்கள் கழித்துச் சென்றேன். முனை மெருகேறி மின்னியது. இழைகளினூடே தடையின்றிச் சென்றது. இதனால் கீழடி முனைகளின் பயன் ஐயமின்றி நிறுவப்பட்டதாக நான் கூறவில்லை. எலும்பால் அது இயலும் என்று கண்டேன், அவ்வளவே. ஆனால் ஒன்று விளங்கியது. கருவியைக் கல் பாதிதான் செய்கிறது. மீதியைச் செய்வது புழக்கம். தொல்லியலாளர் உருப்பெருக்கியில் தேடுவதும் அந்தத் தேய்மானத் தடயத்தைத்தான்.

விடைபெறும்போது அம்மையார் சொன்னார்: “எம் பிள்ளைக எல்லாம் நூல்மில்லுக்குப் போகுதுக. எனக்கப்புறம் இந்தத் தறியில யாரும் உட்கார மாட்டாக.” அன்று முதல் அச்சொல் என்னை விட்டகலவில்லை. மண்ணுக்குள் இருக்கும் எலும்பு இரண்டாயிரம் ஆண்டு காத்திருக்கும். அதன் பயனைச் சொல்லத் தெரிந்த விரல்கள் காத்திரா. விரல்கள் மறைந்த பின் அருங்காட்சியகத்தில் எஞ்சுவது பெயர்ச்சீட்டு மட்டுமே.

கவிஞர்களே, கலிங்கம், அறுவை, துகில் என்று ஆடைக்கு எத்தனையோ சொற்கள் நம் ஏடுகளில் உறங்குகின்றன. அவற்றைப் பாட்டில் வைக்குமுன் ஒருமுறை தறியருகே சென்று அமருங்கள். அங்கே வழங்கும் பாவு, ஊடை, நாடா, விழுது என்னும் சொற்களைக் கேளுங்கள். அவை தலைமுறைகளின் விரல்பட்டு மெருகேறியவை. நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் ஒரு கூட்டமேனும் மண்டபத்தில் அல்லாமல் ஒரு தறிக்கூடத்தில் நடக்கட்டும். அந்தத் தறி ஓயுமுன் நடக்கட்டும்.