காப்பீட்டு அட்டை எட்டாத இடம்

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சில காலமாக உங்கள் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "ஏழைகளுக்கு அரசாங்கம் காப்பீட்டு அட்டை கொடுத்துவிட்டதே, ஆபரேஷன் செலவை அட்டையே பார்த்துக்கொள்கிறதே, இனி எங்கள் காணிக்கை எதற்கு?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறோம். ஆனால் பதிலுக்கு வருமுன் உங்களை அமெரிக்கா வரைக்கும் அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. நோயாளிக்காக வேறொருவர் பணம் கட்டி, வைத்தியத்தையும் அவரே கண்காணிக்கும் முறைக்கு அங்கே 'மானேஜ்டு கேர்' என்று பெயர். அதன் நன்மை தீமை இரண்டையும் நமக்கு முன்னே அனுபவித்தவர்கள் அவர்கள்.

1933-ஆம் ஆண்டு. கொலராடோ ஆற்றுத் தண்ணீரை லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குக் கொண்டுபோகக் கலிபோர்னியாவின் பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சிட்னி கார்ஃபீல்டு என்ற இளம் மருத்துவர் அங்கே பன்னிரண்டு படுக்கைகளோடு ஓர் ஆஸ்பத்திரி கட்டினார். அடிபட்டவர்கள் வந்தார்கள், வைத்தியம் நடந்தது, பணம் மட்டும் வரவில்லை. காப்பீட்டுக் கம்பெனிகள் இழுத்தடித்தன. ஆஸ்பத்திரியை மூடும் நிலை வந்தபோது ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. வியாதி வந்தாலும் வராவிட்டாலும், ஒரு தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு ஐந்து சென்ட் முன்னதாகவே அவருக்குக் கொடுத்துவிடுவது. வேலையோடு சம்பந்தமில்லாத வியாதிகளுக்கும் வைத்தியம் வேண்டுமானால், தொழிலாளி தன் பங்காக இன்னும் ஐந்து சென்ட் கட்டலாம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. முன்பெல்லாம் காலில் ஆணி குத்தி ஒருவன் வந்தால் மருத்துவருக்கு வருமானம். இப்போதோ அது அவருக்குச் செலவு! ஆகவே அவரே வேலைத்தலத்துக்குப் போய், பலகைகளில் துருத்திக்கொண்டிருந்த ஆணிகளைச் சரிசெய்யச் சொன்னார் என்று அந்த வரலாற்றில் சொல்லப்படுகிறது. மருத்துவர் அதே மருத்துவர்தான். பணம் வரும் விதம் மாறியபோது அவருடைய கண் போகும் இடமும் மாறியது. பின்னாளில் ஹென்றி கைசர் என்ற தொழிலதிபரோடு சேர்ந்து அவர் வளர்த்த அந்த ஏற்பாடு 1945-இல் பொதுமக்களுக்கும் திறக்கப்பட்டது. 'கைசர் பெர்மனெண்டே' என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது.

1973-இல் அமெரிக்க அரசு இப்படிப்பட்ட முன்பண அமைப்புகளை ஊக்குவிக்கச் சட்டம் கொண்டுவந்தது. அவற்றை ஹெச்.எம்.ஓ. என்று அழைத்தார்கள். 1990-களுக்குள் பெரும்பாலான தொழிலாளர் குடும்பங்கள் ஏதோ ஒரு மானேஜ்டு கேர் ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டன. செலவு ஏறும் வேகம் சில ஆண்டுகள் தணிந்தது உண்மை.

ஆனால் முன்பணத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. ஆணியைப் பிடுங்கினாலும் பணம் மிச்சம், ஆணி குத்தியவனை வாசலிலேயே திருப்பி அனுப்பினாலும் பணம் மிச்சம்! முதலாவது வழி உழைப்பைக் கேட்கிறது. இரண்டாவதற்கு ஒரு தொலைபேசி போதும். 'அனுமதி இல்லை', 'அந்த மருத்துவர் எங்கள் பட்டியலில் இல்லை', 'முதலில் குடும்ப மருத்துவரிடம் கடிதம் வாங்கி வாருங்கள்' என்ற பதில்கள் பெருகின. பிள்ளை பெற்ற தாயை மறுநாளே வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் அவ்வளவு பரவியது. சுகப்பிரசவமானால் குறைந்தது 48 மணி நேரம், சிசேரியன் ஆனால் 96 மணி நேரம் ஆஸ்பத்திரியில் தங்குவதற்குக் காப்பீடு மறுக்கப்படக்கூடாது என்று 1996-இல் சட்டமே இயற்றும்படி ஆயிற்று. ஒரு தாய் இரண்டு நாள் படுத்திருப்பதற்கு ஒரு நாட்டின் பாராளுமன்றம் கூட வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் இந்த முறையே தீயதா? எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. 1974 முதல் 1982 வரை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் அங்கே ஒரு பெரிய சோதனை நடத்தியது. குடும்பங்களைச் சீட்டுப்போட்டதுபோலப் பிரித்து, சிலருக்கு வைத்தியம் முற்றிலும் இலவசம், சிலருக்குச் செலவில் ஒரு பங்கு, சியாட்டில் நகரத்தில் சிலருக்கு முன்பண அமைப்பு என்று ஏற்படுத்தி, ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். முன்பண அமைப்பில் சேர்ந்தவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்தது ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. அதனால் சராசரி மனிதருடைய சுகம் கெட்டுப்போகவில்லை. இதுவரை நல்ல செய்தி.

சராசரியை விட்டுவிட்டு, ஏழையாகவும் சுகவீனராகவும் இருந்தவர்களைத் தனியே பார்த்தபோது கதை வேறாக இருந்தது. முன்பண அமைப்பில் அவர்கள் பின்தங்கினார்கள். செலவில் பங்கு கட்ட வேண்டியிருந்தவர்களோ வைத்தியத்தைக் குறைத்துக்கொண்டார்கள், ஆனால் தேவையற்றதை மட்டும் அல்ல, தேவையானதையும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைத்தார்கள். எந்த வைத்தியம் முக்கியம், எது முக்கியமில்லை என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? வைத்தியம் இலவசமாகக் கிடைத்த ஏழைகளுக்கோ ரத்த அழுத்தம் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது. பெரிய ஆபரேஷன் ஒன்றும் அல்ல. அழுத்தத்தை அளந்து பார்த்து மாத்திரை கொடுத்ததுதான்.

இன்னொன்றையும் அமெரிக்கர்கள் கற்றுக்கொண்டார்கள். செலவை எண்ணுவதுபோல வைத்தியத்தின் தரத்தையும் எண்ண வேண்டும் என்பது. மாரடைப்பு வந்து பிழைத்தவருக்கு 'பீட்டா பிளாக்கர்' என்ற மலிவான மாத்திரை கொடுக்கப்படுகிறதா என்று ஒவ்வொரு அமைப்பிலும் கணக்கெடுத்து ஊரறிய வெளியிட்டார்கள். 1996-இல் பத்துப் பேரில் ஆறு பேருக்குத்தான் அது கிடைத்தது. ஏறக்குறைய பத்து ஆண்டுகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் கிடைத்தது. புதிய கருவி எதுவும் வாங்கவில்லை, எண்ணினார்கள், அவ்வளவே.

இனி நம்முடைய ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. 2018 முதல் மத்திய அரசின் திட்டமும் அதோடு இணைந்திருக்கிறது. இதனால் எத்தனையோ குடும்பங்கள் நிலத்தை விற்காமல் தப்பியிருக்கின்றன. இதைக் குறைத்துப் பேச நாங்கள் விரும்பவில்லை.

ஆனால் இந்த அட்டை எப்படி வேலை செய்கிறது? ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று ஒரு 'பேக்கேஜ்' தொகை. நோயாளியைச் சேர்த்து, ஸ்கேனையும் தாள்களையும் அனுப்பி முன் அனுமதி வாங்கி, சிகிச்சை செய்தால் அந்தத் தொகை வரும். அமெரிக்காவின் தொலைபேசி அனுமதிக்கு இது தம்பி. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கார்ஃபீல்டுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பணம் வந்தது. இங்கே ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று வருகிறது. ஆகவே இங்கே சோதனை எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. ஆணியைப் பிடுங்கினால் ஒரு காசும் இல்லை, குத்திப் புரையோடிய பிறகு வெட்டினால் பணம்!

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2008-இல் தொடங்கிய மத்திய அரசின் பழைய காப்பீட்டு அட்டைத் திட்டத்தில், பீகாரிலும் சத்தீஸ்கரிலும் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றப்பட்டது என்ற புகார் 2012-இல் நாடெங்கும் பேசப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், இதைத் தடுப்பதற்கான நெறிமுறைகளை மாநிலங்கள் ஏற்று நடத்த வேண்டும் என்று 2023-இல் உத்தரவாயிற்று. எங்கள் மருத்துவமனையில் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு இரண்டாவது மருத்துவர் ஒருவரும் பரிசோதித்துக் கையெழுத்திட வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதற்காகத்தான். நம் மருத்துவர்கள்மேல் சந்தேகம் இருப்பதால் அல்ல. பணம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு ஒரு வேலி வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறோம்.

சர்க்கரை வியாதியுள்ள ஒரு கூலிக்காரத் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிஸிஸ் வேண்டுமானால் அட்டை உதவும். காலை எடுக்க வேண்டுமானாலும் உதவும். ஆனால் கால் போகாமல் இருப்பதற்கு வேண்டிய மாதாந்திர மாத்திரை, ரத்தப் பரிசோதனை, பாதத்தைப் பார்த்துப் புண்ணுக்கு மருந்து கட்டும் நர்ஸம்மாவின் நேரம், மெத்தென்ற செருப்பு, பஸ் கட்டணம், அன்றைக்கு இழந்த கூலி, இவற்றில் எதற்கும் அந்த அட்டை எங்களிடம் பணம் தருவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுக்கிறார்கள். அது கிடைக்கிறவர்களை நாங்களே அங்கே அனுப்புகிறோம், ஒரே வேலையை இருவர் செய்ய வேண்டியதில்லை. ஆனால் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் ஊராய்ப் போகிறவர்கள், மாத்திரையோடு இன்சுலினும் வேண்டியவர்கள், பிள்ளைகளும் தூரமாய்ப் போய்த் தனியே இருக்கும் முதியவர்கள் இடையில் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் புண்ணோடு வருகிறார்கள்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. உங்களில் பலர் 'ஓர் ஆபரேஷனுக்காக' என்று குறிப்பிட்டுக் காணிக்கை அனுப்புகிறீர்கள். அதை மெய்யாகவே நன்றியோடு பெற்றுக்கொள்கிறோம். ஆனால் ஆபரேஷனுக்கு இப்போது பணம் கட்ட ஒருவர் இருக்கிறார், அதற்கு முந்தின ஐந்து வருஷத்துக்குத்தான் ஆள் இல்லை. உங்களால் கூடுமானால் உங்கள் காணிக்கையைத் 'தொடர் மருந்து நிதி' என்று மாற்றி எழுதுங்கள். ஆபரேஷன் உதவி நிதியை மூடப்போவதில்லை. வருமான வரம்புக்குச் சற்று மேலே இருப்பதால் அட்டை கிடைக்காதவர்களும், பிற மாநிலத்திலிருந்து தாள் ஒன்றும் இல்லாமல் வேலைக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக அது இருக்கும்.

ஓர் ஐயா தம் ஞாயிறுபள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு, சுகமான நோயாளியின் படம் கேட்டு எழுதியிருந்தார். ஆபரேஷனுக்கு அப்படிப் படம் அனுப்பலாம். இந்த நிதிக்கு அனுப்ப எங்களிடம் படம் இல்லை. கால் எடுக்கப்படாதவர் மற்ற எல்லாரையும் போலத்தான் நடந்து போகிறார். அதற்குப் பதிலாக ஒரு கணக்கை அனுப்புகிறோம். நிதியில் சேர்க்கப்பட்டவர்கள் எத்தனை பேர், ஆறாம் மாதத்திலும் மருந்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர், நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர், ஏன் நின்றார்கள் என்று வருஷத்துக்கு இரண்டு முறை இந்தப் பத்திரிகையிலேயே அச்சிடுவோம். நின்றுவிட்டவர்களின் எண்ணிக்கையையும் மறைக்காமல் போடுவோம். முதல் கணக்கு ஆறு மாதம் கழித்து வரும் இதழில் வெளிவரும்.