நாற்பத்திரண்டாம் நாள் வரை

1840களில் வியன்னா பொது மருத்துவமனைக்குப் பிள்ளை பெற வந்த ஏழைப் பெண்கள் வாசலிலேயே ஒரு கேள்வி கேட்டார்கள்: இன்று எந்தப் பகுதியின் முறை? அங்கே பிரசவப் பகுதிகள் இரண்டு. ஒருநாள் முதலாம் பகுதியிலும் மறுநாள் இரண்டாம் பகுதியிலுமாக மாற்றி மாற்றிச் சேர்த்துக்கொள்வார்கள். முதலாவதில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், இரண்டாவதில் மருத்துவிச்சிப் பயிற்சிக்கு வந்த பெண்கள். முதலாம் பகுதியின் முறை என்று தெரிந்ததும் முழந்தாளிட்டு, வேறிடம் அனுப்பச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு. காரணம் ஊரறிந்தது. 1846இல் மாணவர்களின் பகுதியில் நூற்றுக்குப் பதினொரு தாய்மார் இறந்தார்கள். மருத்துவிச்சிகளின் பகுதியில் மூன்றுக்கும் குறைவு.

அடுத்த ஆண்டு அங்கிருந்த மருத்துவர் இக்னாஸ் செம்மெல்வைஸ் விடையைக் கண்டார். பிணவறையில் பிரேதம் அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வருகிறார்கள். மருத்துவிச்சிகளுக்குப் பிணவறையில் வேலை இல்லை. குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவ வைத்தார், சாவு சரிந்தது. இதை வைத்து மருத்துவிச்சிகள் மேலானவர்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவர்கள் கைக்கு நஞ்சு சேர வழியில்லாமல் போயிற்று, அவ்வளவுதான். ஆனாலும் பிள்ளைப்பேற்றில் யார் கை முதலில் படுகிறது, அந்தக் கை எங்கிருந்து வருகிறது என்பது உயிர் போகிற விஷயம் என்று அந்தப் பெண்கள் மருத்துவர்களுக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தார்கள்.

அதே 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழில் மருத்துவம் கற்பித்தார். அவர் தமிழாக்கிய நூல்களுள் மோன்செல் எழுதிய பிரசவ நூலும் ஒன்று, 1857இல் வெளிவந்தது. கலைச்சொல் ஆக்கத்தைப் பற்றிப் பேசுகிற மேடைகளில் கிறீன் பெயர் ஒலிக்காமல் இராது. அவரிடம் படித்த மாணவர்கள் ஆண்கள் என்பதை மட்டும் அந்த மேடைகள் சொல்வதில்லை. பேற்றறைக்குள் ஆண் கால் வைக்காத ஊர் அது. நூல் வெளியே இருந்தது, வேலை உள்ளே நடந்தது.

உள்ளே இருந்தவள் மருத்துவிச்சி. தமிழூர்களில் அவள் பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண். மற்ற நாட்களில் முற்றத்தைத் தாண்ட விடாத வீட்டில், வலி கண்ட இரவில் மட்டும் அவளுக்கு உள்ளறை வரை வழி திறக்கும். பிள்ளையைத் தொட்ட முதல் கை அவளுடையது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து வீட்டைக் கழுவும்போது, அவள் வந்துபோன தடமும் சேர்ந்தே கழுவப்படும். அவளுடைய அனுபவத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. அவள் கையிலிருந்த கத்தியைக் கொதிக்க வைக்கும்படி சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை.

இந்த உரை எடுத்துக்கொண்டிருப்பது, அந்த மருத்துவிச்சியின் இடத்துக்கு இலங்கையில் வந்து சேர்ந்த இன்னொரு பெண்ணின் கதை. அரசு ஆவணத்தில் அவள் பெயர் குடும்பநல உத்தியோகத்தர். ஒழுங்கையில் ‘மிசி’.

கொழும்பில் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையால் பிரசவ விடுதி திறந்தது 1879இல். மருத்துவிச்சிகளைப் பயிற்றும் வேலையும் அங்கே வேர்கொண்டது. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் மருத்துவிச்சிகளையும் பதிவுக்குள் கொண்டுவந்தது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் திருப்பம் நிகழ்ந்த இடம் களுத்துறை. 1926இல் றொக்பெல்லர் அறக்கட்டளையின் துணையோடு அங்கே முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. கட்டடம் எழுப்பி நோயாளி வரட்டும் என்று காத்திருப்பது அதன் திட்டமல்ல. ஒரு நிலப்பரப்பை எடுத்து, அங்குள்ள சனத்தொகையைக் கூறுகூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவிச்சியிடம் ஒப்படைப்பதுதான் திட்டம். இன்றைய கணக்கில் ஒருத்திக்கு ஏறத்தாழ மூவாயிரம் பேர். பல இடங்களில் அதற்கும் மேல்.

வலி கண்ட பிறகு வீட்டார் மருத்துவிச்சியைத் தேடி ஓடுவது பழைய வழக்கம். மருத்துவிச்சி வலி காண்பதற்கு ஆறேழு மாதம் முன்பே அந்த வீட்டைத் தேடி வருவது புதிது. இந்த ஒரு மாற்றத்துக்குள்தான் மற்ற எல்லாம் அடங்கியிருக்கின்றன.

தேடி வருவதற்கு அவளிடம் இருந்த கருவி ஒரு பதிவேடு. தன் பகுதியில் பிள்ளை பெறும் வயதிலுள்ள தம்பதியர் எல்லாருடைய பெயரும் அதில் இருக்கும். யாருக்குப் புதிதாகக் கலியாணம் ஆயிற்று, யாருக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போயிற்று, யார் குட்டை, யாருக்கு வலிப்பு வருவதுண்டு, யார் புருஷன் குடிப்பவன், எல்லாம் அவளுக்குத் தெரியும். கடைசி விவரத்துக்குப் பதிவேட்டில் நிரல் கிடையாது. ஆனால் அவள் அறியாத ஒழுங்கையில்லை. மாதவிலக்கு நின்ற செய்தி மாமியாருக்கு எட்டும் முன் மிசிக்கு எட்டிவிடும் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

பெயர் பதிந்ததும் அட்டை பிறக்கும். தாய் கையில் ஒன்று, கிளினிக்கில் ஒன்று. இரத்த அழுத்தம், நிறை, சிறுநீர்ச் சோதனை, இரும்புச்சத்துக் குளிசை, ஏற்பு ஊசி என்று அது நிரம்பிக்கொண்டே போகும். திரிபோஷா மாவுப் பொதி கிளினிக்கில் கிடைக்கும். சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த அதை உருண்டை பிடித்துத் தின்று வளராத தலைமுறை அங்கே குறைவு. கர்ப்பிணிக்குக் கொடுத்தது வீட்டுச் சிறுவர் வாயில் போவதும் மிசிக்குத் தெரிந்த கதையே. வயிற்றில் நாடாவைப் பிடித்து அளக்கிறபோது சென்டிமீட்டர் கணக்கும் வாரக் கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். ஒத்துவராவிட்டால், கால் வீங்கினால், அழுத்தம் ஏறினால், அவள் தன் கையில் வைத்துக்கொண்டிருக்க மாட்டாள். சுகாதார வைத்திய அதிகாரிக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் கடிதத்தோடு அனுப்புவாள்.

மருத்துவிச்சி தலைமையில் பேறுகாலப் பராமரிப்பு என்றதும் சிலருக்கு மருத்துவரை ஒதுக்கிவைக்கிற காட்சி தோன்றும். இந்த அவையில் இருக்கும் வைத்தியர்கள் கோபிக்க வேண்டாம். சாதாரணமாக நடக்கக்கூடியதைச் சாதாரணமாகவே நடத்திக் கொடுப்பவள் அவள். அது எப்போது சாதாரணம் அல்லாமல் போகிறது என்று முதலில் கண்டு சொல்பவளும் அவள்தான். இரண்டாவதைச் செய்ய முதலாவதை நூறு முறை பார்த்திருக்க வேண்டும்.

விளைவை எண்கள் சொல்லும். 1930களின் இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் அந்த எண் நூறுக்கு வெகு கீழே வந்துவிட்டது. இத்தனை வறிய ஒரு நாட்டில் இது எப்படி நடந்தது என்று பார்க்க உலக வங்கி இலங்கையையும் மலேசியாவையும் சேர்த்து ஆராய்ந்து 2003இல் ஒரு நூலே வெளியிட்டது.

புகழ் முழுவதையும் மிசிக்குக் கொடுத்தால் கணக்குப் பிழைக்கும். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் இறந்தார்கள். கர்ப்பிணிகளை மலேரியா தனியாகக் குறிவைக்கும். 1940களின் இறுதியில் டிடிடி தெளித்து நுளம்பை அடக்கியது தாய்மார் சாவைக் குறைத்ததில் பெரும்பங்கு வகித்தது. பெனிசிலின் வந்தது, இரத்த வங்கி வந்தது. 1931இல் பெண்களுக்கும் வாக்குரிமை வந்ததால், ஊருக்கு ஓர் ஆஸ்பத்திரி கேட்டு நச்சரிக்க ஊருக்கொரு பிரதிநிதியும் கிடைத்தார். இலவசக் கல்வியில் படித்த பெண்பிள்ளைகள் தாமே மருத்துவிச்சிப் பயிற்சிக்குப் போனார்கள். ஆனால் பெனிசிலின் தானாக ஒழுங்கைக்குள் நடந்து வராது. காய்ச்சலில் கிடக்கும் தாயைக் கண்டுபிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

1980களிலிருந்து இன்னொரு வழக்கமும் வேரூன்றியது. ஒரு தாய் இறந்தால் அது அறிவிக்கப்பட வேண்டும், ஏன் இறந்தாள் என்று விசாரிக்கப்பட வேண்டும். விசாரணையில் அந்தப் பகுதி மிசியின் பதிவேடும் விரிக்கப்படும். எந்தத் தேதியில் போனாய், என்ன பார்த்தாய், எப்போது அனுப்பினாய்? பிரசவம் முடிந்து நாற்பத்திரண்டு நாளுக்குள் நேரும் மரணத்தையும் தாய் மரணமாகவே உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. மிசியின் நாட்காட்டியும் நாற்பத்திரண்டாம் நாளை ஒட்டித்தான் முடிகிறது. குடும்பத்தின் நாட்காட்டி முப்பத்தொன்றில் முடிகிறது. இரண்டு நாட்காட்டிகளும் ஒரே அறையில் ஓடுவதைப் பார்க்க ஒரு வடபகுதி வீட்டுக்குப் போனால் போதும்.

பிள்ளை பிறந்து ஆறாம் ஏழாம் நாள். அறையில் சாம்பிராணிப் புகை நிற்கிறது. அடுப்படியில் சரக்குக்கறி கொதிக்கிறது: மல்லி, மிளகு, மஞ்சள், உள்ளி அரைத்த மணம் படலை வரை வருகிறது. மிசி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகழுவத் தண்ணீர் கேட்கிறாள். கைகழுவாமல் அவள் எதையும் தொடுவதில்லை. கூரை வளையில் கயிறு போட்டுத் தராசைக் கொழுவுகிறாள். துணித் தொட்டிலில் பிள்ளை ஆடுகிறது, முள் நடுங்கி நிற்கிறது.

“தண்ணி கிண்ணி ஏதும் பருக்கினீங்களோ அம்மா?”

“இல்லை மிசி. தாய்ப்பால் மட்டுந்தான்.” அம்மம்மாவின் குரல் கொஞ்சம் இறங்குகிறது. “சீனித்தண்ணி ஒரு சொட்டு… நாக்கிலை தடவினது.”

மிசி சிரிக்கிறாள், திட்டுவதில்லை. “இனி அதுவும் வேண்டாம். இவளுக்கு நல்லாத் தண்ணி குடுங்கோ. வயிறு வைக்கும் எண்டு குடுக்காமல் விடாதேங்கோ. தண்ணி இல்லாமல் பால் எங்காலை வரும்?”

சரக்குக்கறியை அவள் தடுக்கவில்லை. மீனும் முட்டையும் சேரட்டும் என்கிறாள். தொப்புளில் எதையும் பூச விடுவதில்லை. பிள்ளையின் நெற்றித் தோலை விரலால் அழுத்தி மஞ்சள் தட்டுகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கிறாள். பிறகு அறைக்கதவைச் சாத்துகிறாள். தாயின் அடிவயிற்றில் கைவைத்துக் கருப்பை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், இரத்தப்போக்கின் நிறமும் மணமும் கேட்க வேண்டும், தையல், மார்பு, கெண்டைக்கால் எல்லாம் பார்க்க வேண்டும். நாலு பேர் முன்னால் சொல்லாததைக் கதவு சாத்தியதும் தாய் சொல்வாள். “நித்திரையே வருதில்லை மிசி. ஒண்டும் பிடிக்குதில்லை.” பேறுகால மனச்சோர்வை அறியும் பத்துக் கேள்விகளை ஆறாம் வாரத்தை ஒட்டிக் கேட்பதும் இந்த வேலையில் சேர்ந்திருக்கிறது. கேள்வித்தாள் இல்லாமலே பாதி விடை இப்படிக் கதவுக்குப் பின்னால் வந்துவிடும், கேட்பவள் தெரிந்தவளாக இருந்தால்.

முன்னும் பின்னும் மிசி. நடுவில்தான் இடைவெளி.

இன்று இலங்கையில் பிரசவங்கள் ஏறக்குறைய எல்லாம் மருத்துவமனையிலேயே நடக்கின்றன. வீட்டுப் பிரசவத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நிதானமுள்ள யாரும் சொல்ல மாட்டார்கள். குருதிப்பெருக்கு வந்தால் மணிக்கணக்குக் கூடக் கிடையாது. ஆனால் மாதக்கணக்காகத் தன்னைப் பார்த்தவள் வலி காணும் நேரத்தில் உடன் இல்லை. பிரசவ அறையில் இருப்பவர்கள் திறமைசாலிகள், பெயர் தெரியாதவர்கள். 2016 மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி பிறப்புகளில் மூன்றில் ஒன்றுக்குச் சற்றே குறைவானவை அறுவையில் நிகழ்ந்தன. கர்ப்பம், பேறு, பேற்றுக்குப் பின் மூன்றையும் தெரிந்த மருத்துவிச்சிகளே தொடர்ந்து பார்த்தால் என்ன ஆகும் என்று 17,674 பெண்களை உள்ளடக்கிய 15 சோதனைகளைக் கொக்ரேன் ஆய்வாளர்கள் 2016இல் தொகுத்தார்கள். முதுகுத்தண்டு ஊசியின் தேவை குறைந்தது, ஆயுதம் போட்டு எடுப்பது குறைந்தது, இயல்பான பேறு கூடியது. அந்தச் சோதனைகள் வசதியான நாடுகளில் நடந்தவை என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் கிளினிக் முதல் நாற்பத்திரண்டாம் நாள் வரை தொடரும் ஒரு கையை ஏற்கெனவே வைத்திருக்கும் நாடு, அதைப் பிரசவ அறை வாசலில் மட்டும் நிறுத்திவைத்திருப்பது விசித்திரந்தான்.

இன்னொரு இடைவெளி மலையில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயங்களில் பிள்ளைப்பேறு நீண்டகாலம் கம்பனிகளின் பொறுப்பாக, அதாவது பெரும்பாலும் யாருடைய பொறுப்பும் இல்லாததாக இருந்தது. கொழுந்துக்கூடையை முதுகில் போட்டுக்கொண்டு நிறைமாதம் வரை மலையேறிய பெண்கள், பிறகு கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மறுபடி மலையேறினார்கள். களுத்துறையில் தொடங்கிய திட்டம் பக்கத்துக் கிராமத்துக்கு வந்து பல பத்தாண்டுகள் கழிந்த பிறகே லயத்துக்கு ஒழுங்காக வந்தது. வந்தபோது பல இடங்களில் அது சிங்களத்தில் வந்தது. தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர்களின் தட்டுப்பாடு பழைய குறை, இன்னும் தீரவில்லை. உள்நாட்டுப் போர்க் காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் வேறு காரணத்தால் பதவிகள் வெறுமையாகக் கிடந்தன.

நிறை பார்க்கத் தராசு போதும், அழுத்தம் பார்க்கக் கருவி போதும். அவற்றுக்கு மொழி வேண்டியதில்லை. கதவைச் சாத்திய பிறகு நடப்பதற்குத்தான் மொழி வேண்டும். சிங்களம் மட்டும் தெரிந்த ஓர் இளம் மிசி, தமிழ் மட்டும் தெரிந்த ஒரு தாயின் முன் அமர்ந்திருக்கிறாள். இடையில் மொழிபெயர்க்க அமர்ந்திருப்பவள் மாமியார். தாய்க்கு நித்திரை வருகிறதா என்று மிசி கேட்கிறாள். மாமியார் தாயைப் பார்க்காமலே விடை சொல்கிறாள்.