ஊர்ச் சொத்து யாருக்கு?
(கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியாகும். அந்தத் தேசத்துச் சங்கதி நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். ஜனங்களின் வரிப்பணத்தில் உண்டான சொத்தை எந்தக் காரியத்துக்கு விடலாம் என்கின்ற கேள்விக்குத் தேசம் ஏது, எல்லை ஏது என்று நாம் கேட்கின்றோம்.

சிக்காகோ பட்டணத்தில், 2020-ம் வருஷ ஜனக்கணக்குப்படி, 27 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாழ்கின்றார்கள். வெளிதேசங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்களில் ஏராளம். 2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார், அனுமதியின்றித் தங்கியிருப்பவர்களைப் பிடித்து வெளியேற்ற அங்கே ஆட்களை ஏவிற்று. அவர்கள் கூடிக் கிளம்புவதற்கு ஊராரின் வண்டி நிறுத்துமிடங்களையே உபயோகித்தார்கள்.

அக்டோபர் 6-ந் தேதி நகரத் தலைவர் பிராண்டன் ஜான்சன் ஓர் உத்தரவு போட்டார். நகரத்துக்குச் சொந்தமான வண்டி நிறுத்துமிடம், வண்டிக்கொட்டகை, காலிமனை எதையும் இந்தக் குடியேற்ற வேட்டைக்குக் கூடுமிடமாகவோ, பிடித்தவர்களை வைத்து விசாரிக்கும் இடமாகவோ உபயோகிக்கக் கூடாது என்பதே அது.

“குற்றவாளிகளைக் காப்பாற்றுகின்றார்கள்” என்று உடனே ஒரு கூச்சல் கிளம்பிற்று. இது யோக்கியமான பேச்சா? நீதிபதி கையெழுத்திட்ட வாரண்டை அந்த உத்தரவு தடுக்கவில்லை. கொலை, கொள்ளை விசாரணையையும் தடுக்கவில்லை. ஆனால் குடியேற்ற இலாகாவின் வாரண்டு பெரும்பாலும் எத்தகையது? அந்த இலாகா அதிகாரியே கையெழுத்திடுவது! குற்றம் சாட்டுபவரும் அவரே, பிடிக்கச் சொல்பவரும் அவரே என்றால், அதற்கு ஊரார் ஏன் இடங்கொடுக்க வேண்டும்?

“மத்திய சர்க்காருக்கு அடங்க வேண்டாமா?” என்பார்கள். சட்டத்தை மீறுவது வேறு. அதை நடத்தக் கைகொடுக்க மறுப்பது வேறு. மத்திய சர்க்கார் தன் சட்டத்தை நடத்தும்படி மாகாண, ஸ்தல உத்தியோகஸ்தர்களுக்குக் கட்டளையிட முடியாது என்று 1997-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கின்றது.

இது புதிய வழியுமல்ல. அங்கே மனிதனை மனிதன் மாடுபோல் விற்று வாங்கிய காலம் ஒன்றிருந்தது. தப்பியோடிய அடிமையைப் பிடித்துக் கொடுப்பதே அன்று சட்டம். 1843-ல் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தார், தங்கள் உத்தியோகஸ்தர் அந்த வேலைக்குப் போகக் கூடாது, தங்கள் சிறைகளில் அந்த அடிமைகளை அடைக்கக் கூடாது என்று சட்டம் செய்தார்கள். அதனால் அக்கிரமம் உடனே நின்றுவிட்டதா? இல்லை. 1854-ல் அம்மாகாணத்துப் பாஸ்டன் நகரிலிருந்தே ஆண்டனி பர்ன்ஸ் என்பவரைப் பட்டாளக் காவலோடு கொண்டு போனார்கள். ஆனால் அதைக் கண்ட ஜனங்களின் கோபம், மறு வருஷமே இன்னும் கடுமையான சட்டத்தைச் செய்ய வைத்தது. 1865-ல் அடிமை முறையே அந்நாட்டுச் சட்டத்திலிருந்து ஒழிந்தது.

ஆகவே, ஓர் உத்தரவினாலேயே எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. தெருவில் பிடிப்பதை அது தடுக்காது. காகிதத்தில் எழுதியதும் தானாகக் காவல் நிற்காது. பூட்டு சரியாய் இருக்கின்றதா, பலகை மாட்டியிருக்கின்றதா, உத்தியோகஸ்தர் கண்ணை மூடிக்கொள்கின்றாரா என்று ஊரார் கவனிக்க வேண்டும்.

தோழர்களே! வெளிதேசத்திலிருந்து வந்த கூலிக்காரரும் அந்த ஊரில் சாமான் வாங்கும்போது வரி கொடுக்கின்றார். அந்தப் பணமும் சேர்ந்து உண்டான இடத்தில் நின்றுகொண்டே அவரை வேட்டையாடக் கிளம்புவது என்ன நியாயம்? அவர் பெண்சாதி ஆஸ்பத்திரிக்குப் போகவும், பிள்ளை பள்ளிக்கூடம் போகவும் நடுங்க வேண்டுமென்றால், அது ஊரா, காடா?

பொதுச் சொத்தென்றால் கேட்பாரற்ற சொத்தென்று அர்த்தமல்ல; எல்லோரும் கேட்க வேண்டிய சொத்து என்பதே அர்த்தம். இதை யோசித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்கின்றோம்.